பிறந்த ஜில்லா

மேல்விஷாரம்,
1930 ஆகஸ்டு 4.

சுகரா ஆபாவுக்குத் தம்பி நயீம் அகமது சலாத்துடன் எழுதுவது.

அம்மீக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் மற்றதைப் படிக்கமாட்டீர்கள். உருதுவில் எழுதினால் உங்கள் மாமியார் வாங்கிப் படித்துவிடுவார் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். நீங்களும் தமிழிலேயே பதில் போடுங்கள்.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த மூன்று நாளும் அம்மீ நம் பாஷை எதையும் பேசவில்லை. உருதுவும் இல்லை, தமிழும் இல்லை. பிதற்றல் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வளையல்காரி ரங்கம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, உங்கம்மா தெலுங்கு பேசுது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே அழைத்துப் போனேன். அம்மீ கையை நீட்டி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தம்முடிக்கி முந்து பெட்டண்டி." ரங்கம்மாள் கட்டிலருகே குந்திக்கொண்டு கேட்டாள். "தம்பிக்கு முதல்ல போடுங்கன்னு சொல்லுது. சோத்து ஏனத்தை நீட்டற மாதிரி கையை நீட்டுது பாரு" என்றாள்.

ஆபா, நம் அம்மீக்கு எந்தத் தம்பி?

காய்ச்சல் விட்டதும் கேட்டேன். ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு சொன்னாள். தாது வருஷத்துப் பஞ்சத்தில் மலைமேல் ஏதோ ஊரிலிருந்து தன் தாயோடும் தம்பியோடும் கணவாய் இறங்கி நடந்து வந்தவளாம். தாய் வழியிலேயே படுத்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் கஞ்சி ஊற்றுகிற பஞ்சக் கேம்புக்கு வந்து சேர்ந்தன. நாம் நானா என்று கூப்பிட்ட தோல் வியாபாரி அவளுக்கு அப்பா இல்லை. வீட்டு வேலைக்கு என்று கேம்பிலிருந்து கூட்டி வந்து, பிறகு மகளாகவே வளர்த்தவர். தம்பியை வெள்ளை அங்கி போட்ட ஒருவர் கொண்டுபோனாராம்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கோங்கன்னு கேட்டேன். நான் கேட்டது அவங்களுக்குப் புரியல. அழுதேன். அவ்ளோதான்."

"அவர் பேர் இன்னா அம்மீ?"

"சின்னோடு. வீட்ல அப்டித்தான் கூப்பிடுவோம். வேற பேர் இருந்திருக்கும். எனக்கு வரல."

"உங்க பேர்?"

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "குர்ஷித்" என்றாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிடுகிறேன். உங்களுக்கு இது பற்றி ஏதாவது தெரியுமா? உடனே எழுதுங்கள்.

நயீம்


ஆம்பூர்,
ஆகஸ்டு 11.

நயீமுக்கு ஆபா எழுதுவது.

தெரியும். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். என் நிக்காஹுக்கு முந்தின நாள், கையில் வைத்த மருதாணி காயட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது அம்மீ சொன்னாள். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று குர்ஆன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்போது உனக்கு ஏழு வயது, முற்றத்தில் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தியத்தை இந்த வீட்டில், இந்த மாமியாரோடு, இத்தனை வருஷம் காப்பாற்றினேன். நீ ஒரே நாளில் வளையல்காரியைக் கூப்பிட்டுக் கட்டிலருகே உட்காரவைத்தாய். அவள் கூடையில் வளையல் மட்டுமா இருக்கிறது? ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் என்று அவளுக்கு எத்தனை வாசல்!

என் பில்கிஸுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம் பேசி முடிகிற நேரம். நோன்புப் பெருநாள் கழித்துத் தேதி வைக்கலாம் என்கிறார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் வம்சாவளியைப் பொன் எழுத்தில் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஏழு தலைமுறைப் பெயர் சொல்லுவார்கள். பெண்ணின் நானியார் பஞ்சத்தில் பொறுக்கி எடுத்த பிள்ளை என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று நான் உனக்கு எழுத வேண்டுமா?

உனக்கு மகள் இல்லை. அதனால் உனக்கு இருப்புக்கொள்ளாமல் இருக்க நேரம் இருக்கிறது.

அம்மீயின் உடம்பைப் பார்த்துக்கொள். மற்றதை விடு.

சுகரா


மேல்விஷாரம்,
1930 செப்டம்பர் 28.

ஆபாவுக்கு,

நீங்கள் திட்டி எழுதியதை மூன்று முறை படித்தேன். சரியென்றுதான் பட்டது. விட்டுவிடலாம் என்றும் இருந்தேன். ஆனால் அம்மீ விடவில்லை. ஐம்பத்து மூன்று வருஷம் வாய் திறக்காதவள் இப்போது நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏதாவது தெரிஞ்சுதா?" என்கிறாள்.

வருகிற வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்கு எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்களைத்தான் வீடு வீடாக அனுப்பப்போகிறார்கள். நானும் பெயர் கொடுத்தேன். அந்தச் சாக்கில் தாலுகா குமாஸ்தாவிடம் 1881-ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார்.

"அந்தத் தாளெல்லாம் எண்ணி முடிச்ச ஒடனே அழிச்சுடுவாங்க சார். எத்தனை தலைன்னுதான் நிக்கும். யார் தலைன்னு நிக்காது."

ஆனால் அவரே வழியும் சொன்னார். ஜில்லா பிரிவதற்கு முன்னால் சித்தூரில் இருந்த பஞ்ச காலத்துக் காகிதங்களில் கொஞ்சம் வேலூரில் இருக்கிறதாம். மனு எழுதிப் போட்டு, மூன்று சனிக்கிழமை வேலூர் போனேன். முதல் இரண்டு வாரமும் மாட்டுத் தீவனக் கணக்கும் கிணறு வெட்டிய கணக்கும்தான் வந்தன. மூன்றாம் வாரம் கேம்பில் இருந்தவர்களின் ஜாபிதா ஒன்று வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"311. பெண், வயது சுமார் 8. பலமநேர் தாலுகா. 1877 ஆகஸ்டு 19-ல் மேல்விஷாரம் தோல் வியாபாரி வசம் ஒப்புவிக்கப்பட்டது. 312. பையன், வயது சுமார் 4. மேற்படியாளின் தம்பி. ஆம்பூர் கத்தோலிக்கக் கோயில் சாமியார் வசம்."

பெயர் இல்லை. இருவருக்குமே இல்லை. அம்மீயிடம் படித்துக் காட்டினேன். "அடுத்தடுத்த நம்பரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒண்ணாத்தான் நின்னோம்" என்றாள்.

ஆம்பூர், ஆபா. நீங்கள் இருக்கிற ஊர்.

நயீம்


ஆம்பூர்,
அக்டோபர் 8.

நயீமுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ இந்த ஊருக்கு வந்தாய். கோயில் முற்றத்தில் உபதேசியாரோடு உட்கார்ந்து பெரிய புஸ்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாயாம். எங்கள் சமையற்காரி பார்த்துவிட்டு வந்து என் மாமியார் எதிரிலேயே சொன்னாள். "உன் தம்பி மதம் மாறப் போறானா?" என்று மாமியார் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வீட்டு வாசலுக்கும் அந்தக் கோயிலுக்கும் இடையே நாலு தெரு. ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உனக்கு ஆபா வேண்டியதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் பிறந்த வீட்டைப் பார்க்கிறவள் நான். அம்மீ உன் வீட்டில் இருக்கிறாள், அம்மீயின் தம்பியைத் தேடுகிறவனும் நீ. எனக்கு மட்டும் சத்தியம்.

சுகரா


மேல்விஷாரம்,
அக்டோபர் 13.

ஆபா, மன்னித்துவிடுங்கள். உங்கள் தெரு முனை வரை வந்தேன். வந்தால் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கும், சொன்னால் நீங்கள் தடுப்பீர்கள் என்று பயந்து திரும்பிவிட்டேன்.

கோயிலின் ஞானஸ்நானப் புஸ்தகம் லத்தீனில் இருக்கிறது. உபதேசியார் பொறுமையாகப் படித்துச் சொன்னார். 1877 செப்டம்பர் 8-ஆம் தேதி, கேம்பிலிருந்து வந்த சுமார் நாலு வயதுப் பையன்கள் இரண்டு பேருக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஒருவனுக்கு ஆரோக்கியசாமி என்று பெயர் வைத்தார்கள். மற்றவன் அந்தோணி. அந்தோணி சீக்காகி வேலூருக்கு அனுப்பப்பட்டான் என்று ஓரத்தில் குறிப்பு. அதன்பின் அவனைப் பற்றி அந்தப் புஸ்தகத்தில் எதுவும் இல்லை.

ஆரோக்கியசாமிக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. கலியாணம், ஒரு பிள்ளை பிறந்தது, அது போனது, மனைவி போனது. "ஆள் உயிரோட இருக்காருங்க. தினம் காலைல பூசைக்கு வர்றாரு" என்றார் உபதேசியார்.

பார்த்தேன். ஒற்றை நாடி உடம்பு. ஐம்பத்தேழு வயதுக்கு எழுபதாகத் தெரிகிறார். விரல்கள் சுண்ணாம்பில் வெந்து நகமே இல்லை. நான் விஷயத்தைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "எனக்கு ஒண்ணும் பெரிசா ஞாபகம் இல்லீங்க ஐயா" என்றார். இல்லை என்று மறுக்கவும் இல்லை.

அவர் முப்பது வருஷமாக வேலை செய்கிற இடத்தை எழுதப் பேனா வரவில்லை. உங்கள் டேனரியில்தான், ஆபா. மச்சான் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில்.

வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கச் செய்யுங்கள். அம்மீ ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

நயீம்


ஆம்பூர்,
அக்டோபர் 26.

நயீமுக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானையில் ஒளித்துவைத்துப் பத்து நாள் ஆகிறது.

அந்த ஆள் எனக்குத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் தோல் பதனிட்டுச் சாயம் போன ஆவாரம்பட்டையை அடுப்புக்காகக் கொண்டுவந்து கொல்லைக் கதவுக்கு வெளியே கொட்டிவிட்டு, "சலாம்மா" என்று குரல் கொடுப்பார். நான் உள்ளேயிருந்தே "சரி" என்பேன். எத்தனையோ வருஷம். முகம் பார்த்ததில்லை. இந்த வெள்ளிக்கிழமை கதவிடுக்கில் பார்த்தேன். அம்மீயின் சாயல் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பசித்த முகங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

நீ வாத்தியார். ஒன்று கேட்கிறேன். ஒரே நாளில் இரண்டு பையன்கள் என்று நீயே எழுதுகிறாய். 312 இவர்தான் என்று எந்தப் புஸ்தகம் சொன்னது? இவர் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் போதுமா?

இதை எழுதிவிட்டு, நீ நினைக்காத ஒன்றையும் சொல்கிறேன். உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். முழுக்கச் சொல்லவில்லை. நம் குழியில் வேலை செய்கிற ஆரோக்கியசாமியை அம்மீ மேல்விஷாரத்தில் பார்க்க விரும்புகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துக் கழுவிக்கொண்டார். இஷ்தியாக் அகமது என்றால் ஊரில் கறாரான முதலாளி என்று பெயர். அவர் சொன்னது: "ஆரோக்கியசாமிக்கு ஒரு வாரம் லீவு. ஏன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாதே."

நானும் வருகிறேன். பில்கிஸைக் கூட்டி வரமாட்டேன்.

சுகரா


மேல்விஷாரம்,
நவம்பர் 16.

ஆபாவுக்கு,

நீங்கள் நாலு நாள் இருந்தும் என்னோடு பத்து வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போகும்போது வண்டியில் ஏறியபிறகு என் கையை மட்டும் அழுத்தினீர்கள். கோபமா, இல்லையா என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

அன்றைக்கு ஆரோக்கியசாமி வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அம்மீ திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது, அவர் விரல்களைப் பார்த்தது, அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டது. அவள் தெலுங்கில் பேசப்பேச, அவர் ஒரு சொல்லும் விளங்காமல் அழுததை நீங்களும் பார்த்தீர்கள். "எனக்கு அந்தப் பாஷை வராதுங்கம்மா" என்றபோது அம்மீ, "பரவால்ல, எனக்கும் இப்பத்தான் வருது" என்றாள். வாழ்நாளில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கிணற்றடியில் நீங்களும் அவரும் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவரும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்.

லீவு முடிந்தது. அவர் கிளம்பினார். அம்மீ அவருடைய துணி மூட்டையை எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள். "சுண்ணாம்புல எறங்கனது போதும். இங்க இரு" என்றாள். மச்சானுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ராணிப்பேட்டைக் கோயிலுக்கு நடந்து போய்வருகிறார். நான் மாமு என்று கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்புகிறார்.

நயீம்


ஆம்பூர்,
டிசம்பர் 20.

நயீமுக்கு,

வாணியம்பாடி சம்பந்தம் முடிந்துபோயிற்று. கலியாணத்தில் இல்லை.

பையனின் தாயார் வந்திருந்தார். பிரியாணி சாப்பிட்டு, பாக்குப் போட்டு, அதன்பின் நிதானமாகக் கேட்டார். "மேல்விஷாரத்துல உங்க அம்மா வீட்ல ஒரு கிறிஸ்தவக் கெழவர் தங்கியிருக்காராமே? அவங்களுக்குத் தம்பின்னு பேசிக்கறாங்களே?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். எங்கள் டேனரி ஆள், உடம்பு சரியில்லை, அம்மீ இரக்கப்பட்டு வைத்திருக்கிறாள் என்று. நாக்கு நுனியில் இருந்தது. என் மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். பில்கிஸ் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது: "எங்க அம்மா தாது வருஷப் பஞ்சத்துல கேம்புல இருந்து வந்தவங்க. எந்த ஊர், எந்தச் சாதி, எனக்குத் தெரியாது. அவங்களுக்கே தெரியாது."

அந்த அம்மாள் மரியாதையாகத்தான் எழுந்து போனார். மூன்றாம் நாள் தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உன் மச்சான் இரண்டு நாள் தோல் மண்டியிலேயே படுத்தார். பிறகு வந்தார். எதுவும் கேட்கவில்லை.

பில்கிஸ் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை அம்மீயிடம் சொல்லாதே.

சுகரா


மேல்விஷாரம்,
டிசம்பர் 24.

ஆபா, எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் ஆகஸ்டிலேயே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. பில்கிஸின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?

நயீம்


மேல்விஷாரம்,
1931 பிப்ரவரி 1.

ஆபாவுக்கு மட்டும்.

இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கணக்கெடுக்கிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எங்களை வேலூருக்கு அழைத்திருந்தார்கள். மத்தியானம் முடிந்துவிட்டது. சும்மா வந்திருக்கலாம். கால் சும்மா இருக்கவில்லை. வேலூர்க் கோயிலின் அடக்கப் புஸ்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், 'எந்தப் புஸ்தகம் சொன்னது' என்று நீங்கள் எழுதிய ஒரு வரி மூன்று மாதமாக என்னை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்தோணி என்ற மற்றப் பையன் யாரோ ஒருவன் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

1878 ஜனவரி 20. "அந்தோணி, வயது சுமார் 4. ஆம்பூரிலிருந்து வந்த அனாதை. கேம்பு எண் 312. சகோதரி மேல்விஷாரத்தில் முகமதியர் வீட்டில் இருக்கிறாள்."

இவ்வளவுதான். எண்ணோடு எழுதிவைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் அந்த அக்காவைத் தேடலாம் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கவேண்டும். யாரும் தேடவில்லை. பிரிந்து ஐந்து மாதத்திலேயே அவன் போய்விட்டான். அம்மீ இந்த முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதே.

அப்படியென்றால் உள்ளே உட்கார்ந்து அம்மீக்கு வெற்றிலை இடித்துக் கொடுக்கிறவர் யார்? நான் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்? யாருக்காகப் பில்கிஸின் சம்பந்தம் போனது? நகல் எழுதிய தாள் என் கோட்டுப் பையில் இருக்கிறது. நோன்பு திறக்க உட்கார்ந்தால் அவரே பேரீச்சம்பழத்தை என் பக்கம் நகர்த்துகிறார். அவர் நோன்பாளி இல்லை, ஆனால் அம்மீ சாப்பிடாதபோது தானும் சாப்பிடுவதில்லை.

அம்மீயிடம் சொல்வதா? அவரிடம் சொல்வதா? எழுதுங்கள், ஆபா. இந்தத் தடவை நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

நயீம்


ஆம்பூர்,
பிப்ரவரி 6.

என் தம்பி நயீமுக்கு,

கிணற்றடியில் என்ன பேசினோம் என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கு அவர்தான் என்னைத் தனியாக அழைத்தார். வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்குது. எங்க அண்ணன் தோள்மேல ஒக்காந்து வந்தேன். அவன் தலைமயிரைப் புடிச்சிக்கினு. அக்கா யாரும் இல்ல. வாத்தியார் ஐயா வந்து கேட்டப்பவே சொல்லணும்னு இருந்தேன். மெட்ராஸ் லாட்டு தொரையே கூப்ட்டாப்ல இருந்துச்சு, வாய் வரல. இங்க வந்து அந்தம்மா கையைப் புடிச்ச ஒடனே சுத்தமா வரல. அம்பது வருஷத்துல என்னைத் தேடிக்கினு யாருமே வந்ததில்லம்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போய்டறேன்."

உள்ளே அம்மீ அவருக்காக ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. நான், "இரு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. உன்னைத் தடுத்தவள் நான். விடு விடு என்று எழுதியவள் நான். நீ உண்மை என்று நினைத்துக் கொண்டாடியதைப் பொய் என்று தெரிந்தே மூன்று மாதமாகக் காத்தவளும் நான்தான்.

இன்னொன்று. பில்கிஸின் சம்பந்தம் அவருக்காகப் போகவில்லை. அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. வாணியம்பாடிக்காரியிடம் நான் சொன்னது என் அம்மாவைப் பற்றி. அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசினேன். பில்கிஸ் நேற்று என் தலைக்கு எண்ணெய் வைத்தபடி, "அம்மா, நீங்க அன்னைக்குச் சொன்னப்ப தட்டு என் கையில ஆடவே இல்ல, பாத்தீங்களா?" என்றாள். எனக்கு அது போதும்.

ஆனால் சின்னோடு, அவன் அம்மீயின் தம்பி. அவனுக்காக அழுகிற பாத்தியதை அவளுக்குத்தான். உனக்கும் எனக்கும் இல்லை. சொன்னால் இவரை இழப்பாள். சொல்லாவிட்டால் அவனைக் கடைசிவரை அறியமாட்டாள். எது பெரிய அநியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மீக்கு ஏற்கெனவே ஏதாவது தெரியுமா என்றும் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்னால் சொல்ல முடியவில்லை, நயீம். கோபிக்காதே.

ஆபா


மேல்விஷாரம்,
பிப்ரவரி 13.

ஆபாவுக்கு,

நேற்றுக் காலை எங்கள் தெருவுக்குக் கணக்கெடுத்தேன். நம் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அந்தப் பெரிய கணக்குத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

அம்மீயின் பெயர், மதம், வயது எல்லாம் எழுதினேன். பிறந்த ஜில்லா என்ற இடம் வந்தது. போன கணக்கிலெல்லாம் வட ஆற்காடு என்றே சொல்லியிருப்பாள். நேற்று, "பலமநேர் இப்ப எந்த ஜில்லா?" என்று கேட்டாள். சித்தூர் என்றேன். "அதையே எழுது" என்றாள். எழுதினேன்.

அடுத்தது அவர். ஆரோக்கியசாமி. கிறிஸ்தவர். மனைவியை இழந்தவர். வயது ஐம்பத்தேழு. பிறந்த ஜில்லா? நான் தலையைத் தூக்கவில்லை. எழுதுகோல் தாளுக்கு மேலேயே நின்றது. தெரியாது என்று எழுதுவதுதான் விதி. ஆபா, பொய் எழுதமாட்டேன் என்று வேலூரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"எனக்கு எழுதினதையே அவனுக்கும் எழுது" என்றாள் அம்மீ.

எழுதினேன். என் கையாலேயே சித்தூர் என்று எழுதினேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் தாளைச் சுருட்டினேன். அம்மீ என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேலூர்ல இருந்து வந்த நாள்லருந்து நீ என் முகத்தைப் பாக்கல. என் தம்பி எங்க இருக்கான், சொல்லு."

கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தேன். என்ன கேட்பாள், எப்படி விழுவாள் என்று பயந்துகொண்டே படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "வயசு இன்னா எழுதியிருக்காங்க?" என்றாள்.

"சுமார் நாலு."

"அஞ்சு. அந்தத் தைக்கு அஞ்சு முடிஞ்சுபோச்சு. தப்பா எழுதியிருக்காங்க."

அதன்பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இவர் இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே. சின்னோடு இடது கைக்காரன். இவன் வலது கையால கண்ணைத் தொடச்சான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் தேடக் கெளம்புவ. தேடினா இதுதான் கெடைக்கும்னு எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்." முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனைத் திருப்பி அனுப்பிடாதே நயீம். அவனும் ஏனத்தை நீட்டிக்கினு அதே வரிசைலதான் நின்னுருப்பான்."

பிறகு அவளே கொல்லைக்கு எழுந்து போனாள். அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இருவரும் திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "வாத்தியார் ஐயா, வேலூருக்கு நானும் வரலாங்களா? அந்தப் பையனும் நானும் ஒரே நாள்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க. ஒரே பாய்ல படுத்திருப்போம். எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

"ஐயான்னு கூப்பிடாதீங்க மாமு" என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மூவரும் போகிறோம். குழி எது என்று அடையாளம் இருக்காது, கல் எதுவும் வைத்திருக்கமாட்டார்கள் என்று அங்கிருந்தவர் அன்றைக்கே சொன்னார். அம்மீக்கு அதைச் சொல்லிவிட்டேன். சுவர் ஓரமாக எங்கேயாவது நின்றால் போதும் என்கிறாள். அவள் தன் துஆவை ஓதட்டும், அவர் தன் ஜெபத்தைச் சொல்லட்டும். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் சும்மா நிற்பேன்.

நீங்கள் காலை ரயிலில் காட்பாடியில் இறங்கினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். மச்சானிடம் இந்த முறை முழுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். பில்கிஸையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மீ அவளைத்தான் முதலில் கேட்டாள்.

நயீம்